உயர வரைபடத்தில் நீலம் பூசினால் கடல் வெள்ளம் தெரிந்துவிடுமா?

கேள்வி: 5 அக்டோபர் 2024

அண்ணே, பரமக்குடியிலிருந்து எழுதுகிறேன். சிவில் இறுதி ஆண்டு. புயல் வந்தால் ராமநாதபுரம் கடலோரத்தில் எங்கெல்லாம் தண்ணீர் ஏறும் என்று வரைபடம் போடுவதுதான் ப்ராஜெக்ட். செயற்கைக்கோள் உயரத் தரவை இறக்கி, 3 மீட்டருக்குக் கீழே இருக்கும் இடத்துக்கெல்லாம் நீலம் பூசிவிட்டேன். அரை மணி நேர வேலை. கைடு அதை ஒத்துக்கொள்ளாமல், ஆழமற்ற நீர்ச் சமன்பாடுகளைத் தீர்த்துக் காட்டு என்கிறார். தண்ணீர் பள்ளத்துக்குத்தான் போகும், அதற்கு எதற்குச் சமன்பாடு? நானும் கொஞ்சம் கோட் எழுதிப் பார்த்தேன். காற்று, அலை எதுவுமே கொடுக்கவில்லை, கடல் தானாக ஆட ஆரம்பித்துவிட்டது. விட்டுவிட்டேன். நீலமே போதும் என்பது என் வாதம். தப்பா?

5 அக்டோபர் 2024, இரவு

போதாது தம்பி. தண்ணீர் பள்ளத்துக்குப் போகும், சரி. எந்த வழியாகப் போகும், எத்தனை மணிக்குப் போய்ச் சேரும், சேரும்போது என்ன வேகம் இருக்கும்? ஊரைக் காலி செய்யச் சொல்கிறவருக்கு இந்த மூன்றும்தான் வேண்டும். நீலம் மூன்றையும் சொல்லாது.

2004 சுனாமியையே எடுத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் 26 காலை 6.29க்குச் சுமத்ராவை ஒட்டிக் கடலடி பிளந்தது. நாகப்பட்டினத்தில் கடல் ஏறியபோது மணி ஒன்பதை ஒட்டியிருந்தது. ஈர்ப்பு முடுக்கத்தையும் ஆழத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் அலையின் வேகம் வரும். 3500 மீட்டர் ஆழத்தில் நொடிக்கு 185 மீட்டர், மணிக்கு 667 கி.மீ. அதே அலை 10 மீட்டர் ஆழத்துக்கு வந்ததும் மணிக்கு 36 கி.மீ. முன்னால் போவது நடை தளர, பின்னால் வருவது அதன் முதுகில் ஏறுகிறது. கரையில் நின்றவர்கள் பார்த்த சுவர் அதுதான்.

அப்புறம், நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள். உங்கள் பாக் விரிகுடாக் கரைக்கு இலங்கை குறுக்கே நின்று மறைவு கொடுத்தது. அதே அலை இலங்கையின் தென்முனையைச் சுற்றி வளைந்து குமரி மாவட்டத்துக் குளச்சலை அடித்தது. குளச்சல் தென்மேற்கைப் பார்த்த ஊர், சுமத்ராவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறது. உயர வரைபடத்தில் தேவிபட்டினத்திலும் 3 மீட்டர் 3 மீட்டர்தான், குளச்சலிலும் 3 மீட்டர் 3 மீட்டர்தான். வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று உங்கள் கைடு கேட்டால் என்ன சொல்வீர்கள்?

சமன்பாட்டைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 1871இல் செயின்ட்-வெனான் எழுதியது. தரையைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக்கொண்டால் ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு கணக்கு. ஒன்று தண்ணீர்க் கணக்கு: வந்தது, போனது, மிச்சம். இன்னொன்று உந்தக் கணக்கு: ஓடிவந்த தண்ணீர் கொண்டுவந்த உந்தம், பக்கத்துத் தண்ணீரின் அழுத்தம், தரைச் சரிவு, தரையின் உராய்வு. மேலிருந்து கீழ்வரை தண்ணீர் ஒரே வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்கிறோம். அலையின் நீளம் ஆழத்தைவிட மிகப் பெரிதாக இருக்கும்வரை அது செல்லும்.

கடல் தானாக ஆடியது பற்றி நாளை எழுதுகிறேன். அது எனக்கு மிகவும் வேண்டப்பட்ட விஷயம்.

6 அக்டோபர் 2024

கொத்தனார் வைத்திருக்கும் தண்ணி டியூப்பைப் பார்த்திருப்பீர்கள். இருபது, முப்பது அடி பிளாஸ்டிக் குழாய், உள்ளே தண்ணீர். ஒரு முனையை வாசல் தூணில் பிடித்து மறு முனையைக் கொல்லைச் சுவரில் பிடித்தால் இரண்டு பக்கமும் ஒரே மட்டம். நடுவில் குழாய் மணல் குவியல் மேல் ஏறி இறங்கிக் கிடந்தாலும் மட்டம் மாறாது. என் அப்பா கொத்தனார். சின்ன வயதில் மறு முனையைப் பிடிப்பது என் வேலை. பெருவிரலை எடுத்ததும் தண்ணீர் ரெண்டு ஆட்டம் ஆடி நிற்கும். அது நிற்கும்வரை அப்பா பென்சிலைச் சுவரில் வைக்க மாட்டார்.

உங்கள் கோட் அந்தக் குழாய் மாதிரி இருக்க வேண்டும். அடியில் மேடு பள்ளம் எப்படி இருந்தாலும், மேல்மட்டம் ஒன்றாக இருந்தால் தண்ணீர் நிற்க வேண்டும்.

ஏன் நிற்கவில்லை? இரண்டே கட்டம் எடுத்துக்கொள்வோம். முதல் கட்டத்தில் தரை 0, ஆழம் 2 மீ. அடுத்ததில் தரை 1 மீ., ஆழம் 1 மீ. மேல்மட்டம் இரண்டிலும் 2. அழுத்தம் என்பது ஆழத்தின் வர்க்கத்தை ஈர்ப்பு முடுக்கத்தால் பெருக்கி இரண்டால் வகுப்பது. முதலில் 19.62, அடுத்ததில் 4.905. வித்தியாசம் 14.715, மேட்டை நோக்கித் தள்ளுகிறது. தரைச் சரிவு திருப்பித் தள்ளும் அளவு: ஈர்ப்பு முடுக்கம், ஆழம், தரை ஏற்றம் மூன்றின் பெருக்கல். இதில் எந்த ஆழத்தைப் போட்டீர்கள்? சராசரி 1.5 போட்டால் 14.715, சரியாகக் கழிந்துவிடும். இடப்பக்கத்து 2 போட்டிருந்தால் 19.62, வலப்பக்கத்து 1 போட்டிருந்தால் 9.81. மிஞ்சியது எதுவோ அதுதான் உங்கள் கடலை ஆட்டுகிறது. சராசரியைப் போடுங்கள், நின்றுவிடும்.

9 அக்டோபர் 2024

கணினி மெதுவாக ஓடுகிறது என்கிறீர்கள். உங்கள் எல்லைக்குள் மன்னார் வளைகுடாவின் ஆழ்கடலைச் சேர்த்திருப்பதைப் படத்தில் பார்த்தேன். கணக்கு ஒரு தடவைக்கு எத்தனை நொடி முன்னே போகிறதோ அதுதான் நேரப்படி. ஒரு நேரப்படியில் அலை ஒரு கட்டத்தைத் தாண்டிவிடக் கூடாது. 1928இல் கூரன்ட், ஃப்ரீட்ரிக்ஸ், லெவி மூவரும் சொன்ன நிபந்தனை. 30 மீட்டர் கட்டம், 10 மீட்டர் ஆழம் என்றால் மூன்று நொடிப் படி வைக்கலாம். 1000 மீட்டர் ஆழமுள்ள ஒரே ஒரு கட்டம் உள்ளே இருந்தாலும் படி 0.3 நொடிக்கு இறங்கிவிடும். அந்த ஓரத்துக்காக மொத்தக் கரையும் பத்து மடங்கு காத்திருக்கிறது. ஆழத்தில் பெரிய கட்டம் வையுங்கள், அல்லது எல்லையை உள்ளே இழுங்கள்.

கட்டத்தைப் பாதியாக்கினால் வேலை எட்டு மடங்கு. கட்டங்கள் நான்கு மடங்கு, படிகள் இரண்டு மடங்கு. இதைச் செய்யும் முன் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

14 அக்டோபர் 2024

அக்டோபர் 6இல் எழுதியதைத் திருத்துகிறேன். சராசரியைப் போட்டால் நின்றுவிடும் என்றேன். பாதிதான் உண்மை. அந்தத் தம்பி செய்துபார்த்துவிட்டு இன்னும் ஆடுகிறது என்று எழுதியிருக்கிறார், சரியாகத்தான் சொல்கிறார்.

நான் விட்டது இது. உந்தக் கணக்கு கழிந்தாலும் தண்ணீர்க் கணக்கு கசிகிறது. அவர் இரண்டு கட்டங்களுக்கு நடுவே போகும் தண்ணீரைக் கணக்கிட ஹார்ட்டன், லாக்ஸ், வான் லீர் 1983இல் கொடுத்த முறையைப் பயன்படுத்துகிறார். நல்ல முறை. அதற்கு இடப்பக்கம் ஆழம் 2, வலப்பக்கம் 1 என்று கொடுத்தால், அங்கே ஒரு தண்ணீர்ச் சுவர் நிற்பதாக எடுத்துக்கொண்டு அதை இடிக்கப் பார்க்கும். அடியில் தரை உயர்ந்திருப்பது அதற்குத் தெரியாது. ஆழத்திலிருந்து மேட்டுக்குத் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும்.

வழி 2004இல் ஓடுஸ் குழுவினர் கொடுத்தது. இரண்டு கட்டங்களும் சந்திக்கும் விளிம்பில் இரண்டு தரைகளில் எது உயரமோ அதையே தரையாக வைக்கவேண்டும். நம் உதாரணத்தில் 1 மீ. அதற்கு மேலே நிற்கும் தண்ணீரை மட்டும் எடுங்கள்: இடப்பக்கம் 2 கழித்தல் 1, ஒன்று. வலப்பக்கமும் ஒன்று. இரண்டும் சமம், இடிக்கச் சுவர் இல்லை. விளிம்புத் தரை தண்ணீர் மட்டத்துக்கு மேலே போனால் ஆழம் பூஜ்யம், அதாவது கரை. வரப்பைத் தாண்டாத தண்ணீர் தாண்டாது. ஆழத்தை வெட்டியதால் குறைந்த அழுத்தத்தை அந்தந்தக் கட்டத்திலேயே திருப்பிச் சேர்த்துவிட வேண்டும், அதை மறந்தால் மறுபடி ஆடும்.

என் கோட்டில் இதைப் பத்து வருடம் முன்பே போட்டுவிட்டதால், இது இல்லாமல் என்ன ஆகும் என்பதே எனக்கு மறந்திருந்தது. தம்பி கேட்டதால் எடுத்துவிட்டு ஓட்டினேன். காற்றே இல்லாத கடலில் பாம்பன் பக்கத்து மேட்டோரம் நொடிக்கு 30 செ.மீ. வேகத்தில் நீரோட்டம். நிஜப் புயலின் படத்தில் அப்படி ஒரு ஓட்டத்தைப் பார்த்திருந்தால் நான் அதற்கு விளக்கம்கூட எழுதியிருப்பேன்.

26 அக்டோபர் 2024

நேற்று மதுரையில் மழை. மதியத்துக்கு மேல் சில மணி நேரத்தில் கிட்டத்தட்ட 10 செ.மீ. நான் இருப்பது செல்லூர்ப் பக்கம். வீட்டுக்குள் கணுக்காலுக்கு மேல் தண்ணீர். சாமான்களைக் கட்டில் மேல் ஏற்றிவிட்டு வாசல் படியில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே இருந்தேன், பத்து நிமிடத்துக்கு ஒன்று. பழக்கம் விடவில்லை.

ரெண்டு விஷயம் கண்ணில் பட்டது. தெருவில் இருந்த மட்டத்துக்கும் கேட்டுக்கு உள்ளே இருந்த மட்டத்துக்கும் ரெண்டு விரல் வித்தியாசம். கேட்டின் குறுகலான வாயில் தண்ணீர் வழுக்கிக்கொண்டு, கண்ணாடி மாதிரி வளைந்து இறங்கியது. கண்மாயின் உபரித் தண்ணீர் கலுங்கில் இறங்குகிற மாதிரியே. கேட்டைத் திறந்துவிட்டதும் அந்தச் சரிவு போய்விட்டது, உள்மட்டம் ஏறியது. 30 மீட்டர் கட்டத்தில் என் கேட்டும் இல்லை, என் வீடும் இல்லை, தெருவே இல்லை.

இன்னொன்று, தெருவில் தண்ணீர் நின்றுகொண்டே உயர்ந்தது. ஓட்டம் மிக மெதுவு. செல்லூர்க் கண்மாயிலிருந்து வைகைக்குப் போகும் பந்தல்குடி வாய்க்கால் நிரம்பி, போக வழியில்லாமல் வடிகால் வழியே திரும்பி வந்த தண்ணீர் இது. இந்த மாதிரி ஓட்டத்தில், தண்ணீர் தன் உந்தத்தைத் தானே சுமந்துபோகும் உறுப்பு மிகச் சிறியது. அதை விட்டுவிடலாம் என்று பேட்ஸ், ஹாரிட், ஃபியூட்ரெல் மூவரும் 2010இல் காட்டினார்கள். ஊர் வெள்ளத்துக்கு அது நன்றாகவே வேலை செய்கிறது, கணக்கும் பல மடங்கு சுலபம். கடல் அலை வேகமாக ஏறும் கரையில் மட்டும் அதை விடக் கூடாது.

இன்று பாய், துணி எல்லாம் மாடியில் காய்கிறது.

29 அக்டோபர் 2024

பொதுப்பணித்துறையில் முப்பது வருடம் இருந்த பெரியவர் ஒருவர் எழுதியிருக்கிறார்: கடல் கடல் என்கிறாயே, நம் பக்கம் சாவு கண்மாய்க் கரை உடைவதில்தான், அதற்கு உன் சமன்பாடு ஆகுமா?

ஆகும் ஐயா. அதுதான் இந்தக் கோட்களுக்கெல்லாம் முதல் பரீட்சையே. 1892இல் ரிட்டர் காகிதத்திலேயே தீர்த்தார். உலர்ந்த தரை, கரைக்குப் பின்னால் 3 மீட்டர் தண்ணீர், கரை சட்டென்று மறைகிறது என்று வையுங்கள். கரை இருந்த இடத்தில் ஆழம் உடனே ஒன்பதில் நான்கு பங்காக, அதாவது 1.33 மீட்டராக இறங்கி அப்படியே நிற்கும். தண்ணீரின் முனை அலை வேகத்தைப்போல் இருமடங்கில், நொடிக்கு 10.8 மீட்டரில் ஓடும். தம்பி, உங்கள் கோட் 1.33ஐக் காட்டுகிறதா என்று பாருங்கள். முனையின் வேகத்தில் கொஞ்சம் பின்தங்கினால் மன்னிக்கலாம், முனையில் தண்ணீர் காகிதம் போல மெல்லியது. 1.33 தப்பினால் மன்னிக்கக் கூடாது.

30 அக்டோபர் 2024

பெரியவரின் பதில்: “கரை சட்டென்று மறையாது தம்பி. முதலில் நண்டு வளை மாதிரி ஒரு கசிவு. அப்புறம் மடை ஓரம் மண் கரையும். வாய் பிளக்க நேரம் எடுக்கும். அதற்குள் ஊரில் மூட்டை தூக்க ஆள் வந்துவிடும்.”

ஒத்துக்கொள்கிறேன். ரிட்டர் கணக்கு கோட்டுக்கான பரீட்சை, கண்மாய்க்கான முன்னறிவிப்பாக அதை எடுக்கக் கூடாது. நிஜக் கரைக்கு, பிளக்கும் வாயின் அகலமும் ஆழமும் நேரத்தோடு வளருவதாகக் கொடுக்க வேண்டும். மறுகால் பாயும் கலுங்கின் மட்டத்தையும் தனியாகக் கொடுக்க வேண்டும். வைகையின் தண்ணீர் கண்மாய் கண்மாயாக இறங்கி ராமநாதபுரம் பெரிய கண்மாயில் போய் முடிகிற ஊர் நம்முடையது. ஒரு கரை உடைந்தால் கீழே உள்ளதும் தாங்காது. இதற்குத் தனியாக ஓர் இழை தொடங்க வேண்டும், ஐயா தொடங்கினால் நான் முதல் ஆளாக வருவேன்.

21 நவம்பர் 2024

ராமேஸ்வரத்தில் நேற்று ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை. என் மைத்துனர் தங்கச்சிமடத்தில் இருக்கிறார், போன் கிடைக்க ராத்திரி ஆகிவிட்டது. எல்லாரும் நலம்.

தம்பிக்கு: தண்ணீர்க் கணக்கில் மழையைச் சேர்க்க ஒரே வரி போதும், ஆழத்தில் கூட்டினால் சரி. ஆனால் கடல் மட்டம் ஏறியிருக்கும் நேரத்தில் மழைத் தண்ணீர் கடலுக்கு இறங்க முடியாது. இரண்டையும் தனித்தனியாக ஓட்டி ஆழத்தைக் கூட்டினால் தப்பு வரும். ஒன்றாக ஓட்டுங்கள்.

30 நவம்பர் 2024

தம்பியின் புதுப் புலம்பல்: “சிமுலேஷனில் 3 மணி 40 நிமிடம் வரை நன்றாகப் போகிறது, அப்புறம் நேரப்படி 0.000001 நொடிக்கு விழுந்து அப்படியே நிற்கிறது.”

நேரப்படி மிகச் சிறிதாகும் கட்டத்தின் எண்ணை அச்சிடச் சொன்னேன். வாலிநோக்கம் உப்பளத்தில் ஒரு கட்டம். ஆழம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதில் உந்தம் என்று ஏதோ துளி ஒட்டிக்கொண்டிருக்கிறது. உந்தத்தை ஆழத்தால் வகுத்தால்தான் வேகம். துளியைத் துளியிலும் துளியால் வகுத்ததில் நொடிக்குக் கோடிக்கணக்கான மீட்டர் வந்துவிட்டது. அந்த ஒரு பாத்தியில் ஈரம்கூடச் சரியாக இல்லை, அது மொத்த வங்கக் கடலையும் நிறுத்திவைத்திருக்கிறது.

இந்தத் துறையில் என் நேரத்தில் பாதி இந்த ஓரத்தில்தான் போயிருக்கிறது. நடுக்கடலில் எல்லா முறையும் நன்றாகத்தான் ஓடும். தண்ணீர் முடிந்து மண் தொடங்கும் அந்த ஒரு வரிசைக் கட்டங்களில்தான் ஒரு முறையின் குணம் தெரியும். ஆழம் ஒரு வரம்புக்குக் கீழே போனால் வேகத்தைப் பூஜ்யமாக்குவது ஒரு வழி. நான் 1 மில்லிமீட்டர் வைத்திருக்கிறேன். வகுப்பதற்குப் பதில், ஆழம் குறையக் குறையத் தானாகவே வேகத்தை மட்டுப்படுத்தும் சூத்திரத்தைக் குர்கானோவும் பெட்ரோவாவும் 2007இல் கொடுத்தார்கள். அது இன்னும் பதமானது. எதைச் செய்தாலும் தண்ணீரை மட்டும் வெட்டி எறியாதீர்கள். எதிர்க்குறி ஆழம் வந்த கட்டத்தைப் பூஜ்யமாக்கினால் தண்ணீர் காற்றிலிருந்து பிறக்கிறது. ஓட்டம் தொடங்கும்போதும் முடியும்போதும் மொத்தக் கன அளவைக் கூட்டி, உள்ளே வந்தது, வெளியே போனதைக் கழித்துச் சரிபாருங்கள். வீட்டுக் கணக்கு மாதிரி.

உராய்வும் இதே ஓரத்தில்தான் காலை வாரும். ஆழம் 1 செ.மீ., தரையின் சொரசொரப்பைச் சொல்லும் மேனிங் எண் 0.03, வேகம் நொடிக்கு 1 மீட்டர், படி 1 நொடி. பழைய வேகத்தை வைத்து உராய்வைக் கழித்தால் ஒன்றிலிருந்து 4.1 போகிறது, மிச்சம் கழித்தல் 3.1. உராய்வு தண்ணீரைப் பின்னால் ஓட்டியதாக எங்காவது கேள்விப்பட்டதுண்டா? உராய்வில் வேகம் இரண்டு முறை பெருக்கப்படுகிறது, அதில் ஒன்றை மட்டும் புதிய வேகமாக வைத்துத் தீர்த்தால் ஒன்றை 5.1ஆல் வகுத்து 0.2 வரும். வேகம் குறையும், திரும்பாது.

வாலிநோக்கத்து உப்பள வரப்பின் அகலம் ஓர் ஆள் நடக்கிற அளவு. 30 மீட்டர் கட்டத்தில் அது கரைந்துபோய்விட்டது. ஆனால் சின்ன ஏற்றத்தைத் தடுப்பது அந்த வரப்புதான். அக்டோபர் 14இல் சொன்ன விளிம்புத் தரை இங்கே கைகொடுக்கும். கட்டத்தின் உயரத்தைத் தொடாமல், இரண்டு கட்டங்களுக்கு நடுவே உள்ள விளிம்பில் மட்டும் வரப்பின் உயரத்தைப் போடுங்கள்.

8 டிசம்பர் 2024

இதை எழுதுவதா வேண்டாமா என்று நான்கு நாள் யோசித்தேன்.

தம்பி தன் தரை வரைபடத்தை அனுப்பியிருந்தார். கடலோரத்திலிருந்து அரை கிலோமீட்டரில் ஒரு மேடு, 6 மீட்டர் உயரம், அணை போட்டது மாதிரி கரைக்கு இணையாகப் போகிறது. என் சிமுலேஷனிலும் அவர் சிமுலேஷனிலும் வெள்ளம் அந்த மேட்டில் முட்டி நின்றுவிட்டது. பின்னால் உள்ள கிராமங்கள் பத்திரம் என்று வரைபடம் சொல்கிறது. அந்த வழியாக நான் பஸ்ஸில் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். அங்கே மேடு கிடையாது. பனங்காடு.

2000 பிப்ரவரியில் எண்டவர் விண்கலம் 11 நாள் சுற்றி ரேடாரில் எடுத்த உயரத் தரவு அது. அந்த ரேடார் பனையின் கொண்டைக்கும் வேருக்கும் நடுவில் எங்கோ ஒரு மட்டத்தைத் தரை என்று எழுதிக்கொண்டது. தோப்பு, சீமைக்கருவேலக் காடு, ஓட்டு வீட்டுத் தெரு எல்லாமே அதில் மேடுதான். பின்னால் வந்த ஐரோப்பாவின் கோபர்நிகஸ் உயரத் தரவு இதைவிடத் துல்லியம், ஆனால் அதுவும் மேற்பரப்பைத்தான் பார்க்கிறது. அதிலிருந்து மரத்தையும் கட்டடத்தையும் கழித்து பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022இல் ஃபேப்டெம் என்று ஒன்றை வெளியிட்டார்கள். கடலோர வேலைக்கு இப்போது நான் அதைத்தான் எடுக்கிறேன், அதுவும் கையால் அளந்த புள்ளிகளோடு ஒப்பிட்ட பிறகு.

ஆகவே அக்டோபர் 5இல் நான் உங்களுக்குச் சொன்னதில் ஒரு பங்கைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அந்த வரைபடத்தின் மேல் நீங்கள் பூசிய நீலமும் நான் இரண்டு நாள் ஓட்டிய சிமுலேஷனும் பனங்காட்டு ஓரத்தில் ஏறத்தாழ ஒரே கோட்டில் நின்றன. என் முறை மேலானது என்று அதை வைத்து நான் சொல்ல முடியாது. மூன்று, நான்கு மீட்டர் தப்பான தரையில் ஒரு மீட்டர் வெள்ளத்தைத் தேடிக்கொண்டிருந்தோம் இருவரும். இரண்டு மாதமாக இங்கே கோட் பற்றியே பேசிய நான், முதல் நாளே தரையை எங்கே எடுத்தீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும்.

சமன்பாடு வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. நேரம், வேகம், வழி மூன்றும் இன்னும் அதில்தான் இருக்கிறது. 

10 டிசம்பர் 2024

உயரத்தை எதிலிருந்து அளப்பது என்று கேட்டவருக்கு: ஜிபிஎஸ் கருவி தருவது பூமியைப் பொதுவான ஒரு நீள்வட்டக் கோளமாக வைத்த உயரம். தென்னிந்தியாவில் கடல் மட்டம் அந்தக் கோளத்துக்கு ஏறத்தாழ 90 மீட்டர் கீழே இருக்கிறது. கடல் மட்டத்துக்குத் திருத்தாத கருவியைத் தொண்டி கடற்கரையில் வைத்தால் கழித்தல் 90ஐ ஒட்டிக் காட்டும், பழுது என்று நினைத்துவிடாதீர்கள்.

சுலபமான ஒரு சோதனை உண்டு. ரயில் நிலைய மஞ்சள் பலகையில் கடல் மட்டத்துக்கு மேல் இத்தனை மீட்டர் என்று எழுதியிருக்கும். பரமக்குடி, ராமநாதபுரம், உச்சிப்புளி, மண்டபம் என்று ரயிலில் போகும்போதே குறித்துக்கொண்டு உங்கள் தரவோடு ஒப்பிடுங்கள்.

23 டிசம்பர் 2024

1964 டிசம்பர் 22 இரவு புயலில் தனுஷ்கோடி போனது. அறுபது வருடம். நூற்றுக்கும் மேற்பட்டோரோடு பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயிலையே கடல் எடுத்துக்கொண்டது. பாம்பன் பாலம் சிதைந்தது, 46 நாளில் சீர்செய்தார்கள். எங்கள் பாட்டி அந்த மாதம் ராமேஸ்வரம் போவதாக இருந்து, யாருக்கோ காய்ச்சல் என்று நின்றுவிட்டவர். மார்கழி வந்தால் சொல்லிவிடுவார்.

சுனாமிக்கு மறைவாக இருந்த அதே பாக் விரிகுடா புயலுக்கு ஏன் இப்படி ஏறுகிறது? காரணம் ஆழமின்மை. காற்று தண்ணீரின் மேல் இழுக்கும் இழுப்பு, மட்டத்தைச் சாய்க்கிறது. அந்தச் சாய்வு ஆழத்தால் வகுபடும். மணிக்கு 108 கி.மீ. காற்று, 50 கி.மீ. நீளக் கடல், 10 மீட்டர் ஆழம் என்று போட்டால் கரையில் சுமார் 1 மீட்டர் ஏற்றம். அதே காற்று 100 மீட்டர் ஆழக் கடலில் 10 செ.மீ.தான் ஏற்றும். காற்று ஒன்றரை மடங்கானால் ஏற்றம் இரண்டு மடங்குக்கு மேல் போகும், காற்றின் வர்க்கத்தோடு போவதால்.

24 டிசம்பர் 2024

நேற்றைய கணக்கில் விட்டவை: புயல் நடுவில் காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல் ஒரு செ.மீ. உயரும். 40 குறைந்தால் 40 செ.மீ. அது தனி. காற்று நிலையாக வீசினால்தான் அந்த 1 மீட்டர். புயல் நகர்ந்துகொண்டே போகும்போது விரிகுடாத் தண்ணீர் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு ஊசலாடும், அதற்குத்தான் நேரப்படி நேரப்படியாகத் தீர்க்க வேண்டும். ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் புயல் ஏற்ற முன்னறிவிப்புக்குப் பயன்படுத்தும் அட்சர்க் என்ற மென்பொருள் இதே குடும்பத்துச் சமன்பாடுகளைத்தான் முக்கோணக் கட்டங்களில் தீர்க்கிறது.

கள்ளக்கடலும் இதில் வருமா என்று குமரிக்காரர் ஒருவர் கேட்டார். அப்படியே வராது. அது தூரத்துப் பெருங்கடலில் பிறந்த நெடிய அலைகள் கரையில் உடைந்து தண்ணீரைத் தள்ளி ஏற்றுவது. அலைகளுக்குத் தனி மாதிரி வைத்து, அது தரும் தள்ளலை இந்தச் சமன்பாட்டில் சேர்க்க வேண்டும்.

19 ஜனவரி 2025

பொங்கல் விடுமுறையில் தேவிபட்டினம் பக்கம் போனோம். நான், பரமக்குடித் தம்பி, அவர் வகுப்புத் தோழர்கள் இரண்டு பேர். தூரத்திலிருந்து மட்டம் பார்க்கும் டம்பி லெவல் கருவியை வாடகைக்கு எடுத்தோம். அப்பாவின் பழைய தண்ணி டியூப்பையும் கொண்டுபோனேன்.

பனங்காட்டுக்குள் லெவலால் பார்க்க முடியவில்லை, பத்தடிக்கு ஒரு பனை மறைக்கிறது. கருவேல முள் வேறு. அங்கேதான் டியூப். தம்பி ஒரு முனையோடு பனைக்குப் பின்னால் போக, நான் இந்த முனையை உயரம் தெரிந்த கல்லில் பிடித்தேன். முதல் அளவு 12 செ.மீ. தப்பு. குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் நடுவில் சுண்டுவிரல் நீளத்துக்குக் காற்றுக் குமிழ். தட்டித் தட்டி அதை முனைக்குக் கொண்டுவந்து வெளியேற்றினோம். மறுபடி பிடித்தோம். தண்ணீர் ரெண்டு ஆட்டம் ஆடி நின்றது. தம்பி அதற்குள் பென்சிலை எடுத்துவிட்டார், கொஞ்சம் பொறுங்கள் என்றேன்.

வரைபடத்தில் 6 மீட்டர் என்று இருந்த மேடு 1.4 மீட்டர். தோப்பின் நடுவே வண்டித்தடம் போகும் இடத்தில் 0.9. கடல் ஏறினால் முதலில் அந்தத் தடத்தின் வழியாகத்தான் ஊருக்குள் போகும். அதைச் சொன்னதும் அங்கே பதநீர் இறக்கிக்கொண்டிருந்த அண்ணாச்சி, கஜா புயல் சமயத்தில் தண்ணீர் அந்தத் தடத்தில் நின்ற இடத்தைக் கால் விரலால் கோடு போட்டுக் காட்டினார். அந்த இடத்தையும் அளந்து வைத்திருக்கிறோம்.

22 ஜனவரி 2025

அங்கே அளந்துவந்த 41 புள்ளிகளையும் சேர்த்துத் தரையைத் திருத்திவிட்டேன். நேற்று இரவு காற்று, அலை எதுவும் இல்லாமல் ஆறு மணி நேரத்துக்கு ஓட்டினேன். எல்லாக் கட்டங்களிலும் தண்ணீர் நின்றது, ஒன்றைத் தவிர. உப்பங்கழி வாயில் ஒரு கட்டம் நொடிக்கு 4 மி.மீ. நகர்கிறது. புள்ளி எண் 17, விளிம்பில் போட்ட வரப்பு உயரமும் பக்கத்துக் கட்டத்தின் தரையும் வேறு வேறு மட்டக் கணக்கில் இருக்கிறதோ என்று சந்தேகம். தம்பி, உங்கள் நோட்டில் 17ஆம் புள்ளிக்கு எந்தக் கல்லை ஆதாரமாக எழுதியிருக்கிறீர்கள், கோயில் படியா, பாலத்துக் கைப்பிடியா? அதைச் சொன்ன பிறகு காற்றைக் கொடுக்கிறேன்.